முடுக்கு இல்லாத ஊரில் ஒரு பிள்ளைப்பேறு

2018 ஜூலையில் ஒரே நாளில் எனக்கு இரண்டு ஆலோசனைகள் வந்தன. காலையில் ஆஸ்பத்திரியில் மிட்வைஃப் சொன்னார்: "ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கு அப்புறமும் நடங்க." சாயங்காலம் காயல்பட்டினத்திலிருந்து வாட்ஸ்அப்பில் உம்மா சொன்னாங்க: "படி ஏறாத, குனியாத, அலையாத. ஆறு மாசம் ஆச்சு, பத்திரமா இரு புள்ள."

ரெண்டு பேருமே என் மேல அக்கறையோடதான் சொன்னாங்க. ஆனா ரெண்டையும் ஒரே நேரத்தில் கேட்க முடியாது. கடைசியில் நான் கேட்டது உம்மா சொன்னதைத்தான். அது உம்மா மேல இருந்த மரியாதையால மட்டும் இல்லை. வெளியில் குளிர், ஐந்து மணிக்கே இருட்டு, நடக்கப் போக எனக்குச் சோம்பலா இருந்தது. உம்மாவின் பேச்சு எனக்கு வசதியா அமைஞ்சது.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிற பலர் இங்கேயே பிறந்து வளர்ந்தவங்க. நான் அப்படி இல்லை. மாஸ்டர்ஸ் படிக்க சிட்னிக்கு வந்து, இங்கேயே சாஃப்ட்வேர் வேலையில் தங்கிட்டவள். ஆனா கர்ப்பமா இருக்கும்போது ஒரு காதில் ஆஸ்பத்திரியும் இன்னொரு காதில் ஊரும் பேசுற அனுபவம் நம்ம எல்லாருக்கும் பொதுதான். நீங்க முஸ்லிமா இல்லாட்டியும் இதில் பாதி உங்க கதையாத்தான் இருக்கும்.

சர்க்கரை

26வது வாரத்தில் எனக்குக் குளுக்கோஸ் டெஸ்ட் எடுத்தாங்க. வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம், பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கலந்த அந்தக் கொடுமையான இனிப்புத் தண்ணி, ஒரு மணி நேரத்தில் ஒரு முறை, இரண்டு மணி நேரத்தில் இன்னொரு முறை. இங்கே கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக 24லிருந்து 28 வாரத்துக்குள் இந்த டெஸ்ட் எடுப்பாங்க. எனக்கு ஜெஸ்டேஷனல் டயபடீஸ், அதாவது கர்ப்பகாலச் சர்க்கரை என்று வந்தது.

நான் ஒல்லிதான். அதனால நம்பவே முடியலை. டயபடீஸ் எஜுகேட்டர் நிதானமா விளக்கினார். கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை முழுசா வேலை செய்ய விடாது. அதை ஈடு செய்ய உடம்பு கூடுதலா இன்சுலின் சுரக்கணும். முடியலைன்னா ரத்தத்தில் சர்க்கரை ஏறும். தெற்காசியப் பெண்களுக்கு இந்த அபாயம் அதிகம், ஒல்லியா இருக்கிறதால மட்டும் தப்பிச்சுட முடியாது. என் வாப்பாவுக்கும் இரண்டு மாமாக்களுக்கும் சர்க்கரை உண்டு. குடும்பத்தில் யாருக்காவது இருக்கான்னு படிவத்தில் கேட்டிருந்த கேள்விக்கு நான் டிக் போட்டிருந்தேன், ஆனா அது எனக்கும் வரும்னு நினைக்கலை.

எஜுகேட்டர் சொன்ன ஒரு விஷயம் மட்டும் மனசில் நின்றது. நடக்கும்போது தசைகள் இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். அதனாலதான் சாப்பிட்டவுடனே நடக்கச் சொல்றாங்க.

எஞ்சினியர் புத்தி, எல்லாத்தையும் ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டேன். விரலில் குத்தி எடுத்த எண், என்ன சாப்பிட்டேன், நடந்தேனா இல்லையா. பத்து நாளில் பேட்டர்ன் தெரிந்தது. இரவு சோறு சாப்பிட்டு சோபாவில் உட்கார்ந்த நாளில் ஒரு மணி நேரம் கழித்து 8.6, 8.9 என்று வரும். அதே சோற்றைச் சாப்பிட்டு, ஷாப்பிங் சென்டருக்குள் இருபது நிமிஷம் சுற்றிய நாளில் 7க்குப் பக்கத்தில் நிற்கும். இது என் உடம்பின் கணக்கு மட்டும்தான், எல்லாருக்கும் இப்படியே இருக்கும்னு சொல்ல வரலை.

கணக்குத் தெரிஞ்சும் நான் தினமும் நடக்கலை. வாரத்தில் இரண்டு நாள், மிஞ்சிப்போனால் மூன்று. கடைசி மாதத்தில் இரவு இன்சுலின் போட வேண்டி வந்தது. நடந்திருந்தாலும் வந்திருக்கலாம்னு டாக்டர் சொன்னார், ஏன்னா காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை எல்லாருக்கும் நடையால மட்டும் அடங்காது. இருந்தாலும் அந்த ஊசியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் சோபா ஞாபகம் வரும்.

நடக்க என்ன தடை?

"ஒரு ஜிம்முக்குப் போக வேண்டியதுதானே?" என்று ஆபீஸில் ஒருத்தி கேட்டாள். நல்ல பொண்ணு, உண்மையாவே கேட்டாள்.

எனக்கு இருந்த தடைகளை வரிசையா யோசிச்சுப் பார்த்தேன். வீட்டுப் பக்கத்து ஜிம்மில் கண்ணாடிச் சுவர், உள்ளே ஆம்பளைங்க. முக்காட்டோட, வயிற்றைத் தள்ளிக்கிட்டு அங்கே ட்ரெட்மில்லில் ஏற எனக்கு மனசு வரலை. இருட்டின பிறகு தனியா தெருவில் நடக்கப் பயம். ஹிஜாப் போட்டவளைப் பார்த்து காரிலிருந்து கத்திவிட்டுப் போனவன் ஒருத்தன் போதும், ஆறு மாசத்துக்கு அந்தத் தெரு பிடிக்காமல் போகும். எனக்கு அது நடந்திருக்கு. நீச்சல் நல்லதுன்னு மிட்வைஃப் சொன்னார். ஒரு குளத்துக்குப் போனேன். தளர்வான காட்டன் உடுப்போட நின்ற என்னை, நீச்சல் உடை இல்லாம இறங்கக் கூடாதுன்னு வாசலிலேயே நிறுத்திட்டாங்க. ஊறின காட்டன் கனக்கும், ஆபத்துன்னு அவங்க சொன்ன காரணம் சரிதான். ஆனா அத்தனை பேர் முன்னால சொன்ன விதம் சரியில்லை. காரில் உட்கார்ந்து அழுதேன்.

இதோட நம்ம வீட்டுச் சமாதானங்கள் வேற. "அஞ்சு நேரம் தொழுறியே, அதைவிட என்ன எக்ஸர்சைஸ்?" என்பாங்க. நானும் சொல்லியிருக்கேன். தொழுகை வணக்கம். குனிந்து நிமிர்வதில் மூட்டுக்கும் முதுகுக்கும் நல்லதுதான். ஆனா மூச்சு வாங்குற அளவுக்கு அரை மணி நேரம் உடம்பு வேலை செய்யறது வேற விஷயம். ரெண்டையும் ஒண்ணுக்கு ஒண்ணு ஈடா வைக்க முடியாது.

உம்மா வந்தாங்க

பிரசவத்துக்கு மூன்று வாரம் முன்னால உம்மா வந்து இறங்கினாங்க. பெட்டி நிறைய பேறுகால மருந்துச் சாமான், பூண்டு, கருப்பட்டி. அக்டோபரில் மகள் பிறந்தாள், அல்ஹம்துலில்லாஹ், சுகப்பிரசவம், கொஞ்சம் தையல்.

அதுக்கப்புறம் நாற்பது நாள். நம்ம மார்க்கத்தில் பிரசவத்துக்குப் பின் உதிரம் நிற்கும் வரை பெண்ணுக்குத் தொழுகை இல்லை, நோன்பு இல்லை. பொதுவா நாற்பது நாள் என்று கணக்கு வைத்து, நாற்பதாம் நாள் தலைக்கு ஊற்றுவாங்க. அது சலுகை. பெற்றவளுக்கு ஓய்வு. எத்தனையோ நாட்டில் பிள்ளை பெற்று நாலாம் நாள் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போற பெண்களைப் பார்க்கும்போது, நம்ம முன்னோர்கள் யோசிச்சு வைச்சிருக்காங்கன்னுதான் தோணும்.

ஆனா சிட்னியில் அந்த நாற்பது நாள் எனக்கு எப்படிக் கழிந்தது தெரியுமா? வென்ட்வொர்த்வில் யூனிட்டின் இரண்டாம் மாடியில் ஒரு அறை. திரையை மூடி வைச்சிருந்தாங்க, காத்து படக் கூடாதாம். கணவர் இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பிட்டார். தொழுகையும் இல்லாததால், நாளை ஐந்தாகப் பிரிக்கிற அந்த ஒழுங்கும் போச்சு. காலையா மாலையான்னு தெரியாம பால் கொடுக்கிறது, தூங்குறது, சுறாப்புட்டு சாப்பிடறது. ஒரு நாள், "உம்மா, கீழ போய் கொஞ்சம் நடந்துட்டு வரேனே" என்றேன். "பச்ச ஒடம்பு. நாப்பது கழியட்டும்" என்றாங்க. நான் கத்தினேன். உம்மா பதில் பேசாம அடுப்படிக்குப் போயிட்டாங்க.

ராத்திரி உம்மாவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாங்க. "நீ பொறந்தப்ப நானும் உள்ளேதான் இருந்தேன். ஆனா இப்படி இல்ல" என்றாங்க. அன்னைக்குத்தான் உம்மா முடுக்கு பற்றிச் சொன்னாங்க. நான் அதிலேயே ஓடி விளையாடினவள், ஆனா அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குப் பக்கத்தில் கடலோரம் இருக்கு எங்க ஊர். அங்கே வீடுகளுக்கு நடுவில் முடுக்கு என்று குறுகலான சந்துகள் இருக்கும். பெண்கள் போய் வரும் வழி அது. தெருவில் இறங்காமலே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு, அங்கிருந்து பெரியம்மா வீட்டுக்கு, மருத்துவச்சி வீட்டுக்குப் போகலாம். எங்க ஊரில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால உம்மா, ராத்தா, சாச்சி எல்லாரும் கூப்பிடு தூரத்தில்.

"உன்ன சுமக்கும்போது ஒரு நாளைக்கு எத்தன வாட்டி முடுக்குல போய் வந்திருப்பேன் தெரியுமா? உம்மம்மா வீடு, மாமி வீடு, தண்ணி எடுக்க, மாவு இடிக்க. பேறு ஆனதுக்கப்புறமும் அறைக்குள்ள எந்நேரமும் நாலு பேரு இருப்பாங்க. இங்க யாரு இருக்கா? உன்ன வெளிய விடவும் பயமா இருக்கு, உள்ள வைக்கவும் பாவமா இருக்கு."

"அலையாத" என்று உம்மா சொன்னதுக்கு அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிஞ்சது. நாள் முழுக்க உடம்பால வேலை செய்த பெண்களுக்குச் சொன்ன வார்த்தை அது. மாவு இடித்து, தண்ணி சுமந்து, முடுக்கில் பத்து தரம் நடந்தவளுக்கு "கொஞ்சம் உட்காரு" என்பது மருந்து. நார்த் ரைட் ஆபீஸில் ஒன்பது மணி நேரம் நாற்காலியில் இருந்துட்டு, கார், லிஃப்ட், சோபா என்று போறவளுக்கு அதே வார்த்தை மருந்தாகாது. உம்மா மாறலை. சுற்றி இருந்த வாழ்க்கைதான் மாறிப்போச்சு.

பத்துக் கேள்விகள்

உம்மாவின் விசா மூன்று மாதம். ஊருக்குப் போயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் நிஜமான சோதனை.

குழந்தைக்கான செக்கப்பில் சைல்ட் அண்ட் ஃபேமிலி ஹெல்த் நர்ஸ் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். எடின்பரோ ஸ்கேல் என்று பெயர், பத்துக் கேள்விகள். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாம பயந்தீர்களா, அழுதீர்களா. உண்மையா பதில் போட்டேன். 13 வந்தது. அதாவது, கவனிக்கணும்.

நர்ஸ் என்னை அங்கேயே உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினார். ஜிபி-யிடம் போகச் சொன்னார். நான் போனேன், கவுன்சிலிங்கும் எடுத்தேன். இதை வெளிப்படையா எழுதக் காரணம் இருக்கு. நம்ம குடும்பங்களில் இதுக்கு "ஈமான் குறைவு" என்றோ, "எல்லாம் இருந்தும் என்ன அழுகை" என்றோ பேர் வைச்சிடறாங்க. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு வரும் மனச்சோர்வு நோய்தான், சிகிச்சை உண்டு.

அதே நர்ஸ்தான் பக்கத்தில் நடந்த மதர்ஸ் குரூப்பில் சேர்த்துவிட்டார். ஆறு பேர். ஒரு பஞ்சாபிப் பெண், ஒரு ஃபிலிப்பினோ, இரண்டு ஆஸி, நான், அப்புறம் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. இரண்டாவது வாரமே அந்த அக்கா, "இந்த ஹோலுக்குள்ள இருந்து என்ன செய்யிறது? பிள்ளையளையும் கொண்டு வாங்கோ, நடப்பம்" என்றார். அப்படித்தான் ஆரம்பிச்சது. செவ்வாய், வியாழன் காலை பத்து மணி, பாரமட்டா பார்க், ஆறு ப்ராம்.

முதல் நாள் பதினைந்து நிமிஷத்தில் எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. ஒரு மாசத்தில் ஐம்பது நிமிஷம் ஆச்சு. ஆம்பளைங்களும் போற பார்க்தான், ஆனா கூட ஐந்து பெண்கள் இருக்கும்போது யார் பார்க்கிறாங்கன்னு கவலையே வரலை. யாரும் காரிலிருந்து கத்தவும் இல்லை. அந்த நடையால மட்டும் நான் தேறினேன்னு சொல்ல மாட்டேன். கவுன்சிலிங் இருந்தது, கணவர் ராத்திரி பாட்டில் ஷிஃப்டை எடுத்துக்கிட்டார், மகளும் தூங்க ஆரம்பிச்சாள். ஆனா செவ்வாயும் வியாழனும் எழுந்திருக்க ஒரு காரணம் இருந்துச்சு. அந்த நேரத்தில் எனக்கு அது பெரிய விஷயம்.

இரண்டாவது தடவை

2022ல் மறுபடி கர்ப்பம். இந்த முறை ஆரம்பத்திலேயே சர்க்கரை பார்த்தாங்க, ஏன்னா ஒரு தடவை வந்தவங்களுக்கு மறுபடியும் வரும் வாய்ப்பு அதிகம். வந்தது. ஆனா இந்த முறை நான் பயப்படலை.

இடையில், 2021ல், கர்ப்பிணிகளுக்கான உடற்பயிற்சி வழிகாட்டுதலை ஆஸ்திரேலிய அரசு வெளியிட்டிருந்தது. சிக்கல் இல்லாத கர்ப்பமா இருந்தால் வாரத்துக்கு 150லிருந்து 300 நிமிஷம் மிதமான பயிற்சி, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலு தரும் பயிற்சி, தினமும் இடுப்படித் தசைப் பயிற்சி. 150 நிமிஷம் என்றால் மலைப்பா இருக்கும். வாரத்தில் ஐந்து நாள், அரை அரை மணி நேரம், அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு அப்புறம் பத்துப் பத்து நிமிஷமா மூன்று தடவை பிரிச்சாலும் கணக்கில் சேரும். எவ்வளவு வேகம்? பேச முடியணும், பாட முடியக் கூடாது. மிட்வைஃப் சொன்ன இந்த அளவுகோல் எனக்கு எந்த வாட்ச்சை விடவும் உதவியது.

ஏழாம் மாதத்தில் நடை சிரமமாச்சு, இடுப்பு எலும்பில் வலி. தண்ணிக்குள் இறங்கினால் வயிற்றின் பாரம் தெரியாதுன்னு பிசியோ சொன்னார். பழைய குளத்து வாசல் ஞாபகம் வந்தது. இந்த முறை முதலில் ஒரு புர்கினி வாங்கினேன்.

புர்கினி எங்கே பிறந்ததுன்னு தெரியுமா? சவூதியில் இல்லை, துபாயில் இல்லை. நம்ம சிட்னியில். அஹெதா ஜனெட்டி என்ற லெபனான் வம்சாவளிப் பெண், தன் உறவுக்காரச் சிறுமி முக்காடும் ஜெர்சியும் பேண்ட்டுமா நெட்பால் ஆடத் திணறுவதைப் பார்த்து, 2004 வாக்கில் முதலில் விளையாட்டு உடுப்பு, பிறகு நீச்சல் உடுப்பு என்று வடிவமைச்சார். 2005 டிசம்பரில் க்ரொனல்லா கடற்கரையில் இனக்கலவரம் நடந்தது. அதுக்குப் பிறகு சர்ஃப் லைஃப் சேவிங் அமைப்பு எல்லாச் சமூகத்தையும் கடற்கரைக்குள் கொண்டுவரத் திட்டம் போட்டது. 2007ல் மெக்கா லாலா என்ற இளம்பெண் சிவப்பு மஞ்சள் புர்கினியில் கடற்கரைக் காவலரா நின்றார். 2016ல் பிரான்சில் சில ஊர்கள் அதே உடுப்பைத் தடை செய்தபோது, அந்நாட்டு உச்ச நிர்வாக நீதிமன்றம் அப்படி ஒரு தடையை நிறுத்தி வைத்தது. ஒரு சிறுமி நெட்பால் ஆட வேண்டும் என்று தொடங்கிய துணி எங்கெல்லாம் போய் வந்திருக்கு பாருங்க.

ஆபர்னில் ரூத் எவரஸ் அக்வாட்டிக் சென்டர் 2017ல் புதுப்பித்துத் திறந்தபோது, ஒரு குளத்தைச் சுற்றி இழுத்து மூடும் திரை போட்டாங்க, பெண்கள் மட்டும் நீந்தும் நேரத்துக்காக. அப்போ ரேடியோவிலும் பேப்பரிலும் பெரிய ரகளை. "ஆஸ்திரேலியாவில் இதென்ன புதுப் பழக்கம்?" என்று கேட்டாங்க.

புதுசா? கூஜிக்குப் போய்ப் பாருங்க.

கூஜியில் ஒரு பாறைக்குளம்

கூஜி கடற்கரைக்குத் தெற்கே பாறைச் சரிவில் மக்கைவர்ஸ் லேடீஸ் பாத்ஸ் இருக்கு. கடல் தண்ணி வந்து போகும் குளம். 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பெண்களும் சிறு பிள்ளைகளும் மட்டும் குளிக்கிற இடம். 1922லிருந்து ஒரு பெண்கள் நீச்சல் கிளப்தான் நடத்துது. ஆண்களை விடாதது பாரபட்சம் என்று புகார் வந்தபோது, 1995ல் பாரபட்சத் தடுப்புச் சட்டத்திலிருந்து விலக்கு வாங்கினாங்க.

இன்னொரு சுவையான விஷயம். நூறு வருஷத்துக்கு முன்னால நியூ சவுத் வேல்ஸ் பெண்கள் நீச்சல் சங்கத்தில், ஆண்கள் பார்க்கும் இடத்தில் பெண்கள் போட்டி போடக் கூடாதுன்னு விதியே இருந்தது. அதன் தலைவி ரோஸ் ஸ்காட், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர். 1912ல் ஃபேனி டுராக்கும் மினா வைலியும் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸுக்குப் போக வழிவிட்டு அந்த விதியை மாற்றினாங்க. ரோஸ் ஸ்காட் அதை ஏற்காமல் பதவி விலகினார். அந்த ஒலிம்பிக்ஸில்தான் முதன்முதலா பெண்களுக்கு நீச்சல் போட்டி. நூறு மீட்டரில் ஃபேனிக்குத் தங்கம், மினாவுக்கு வெள்ளி. மினாவின் அப்பா கட்டிய வைலிஸ் பாத்ஸ் மக்கைவர்ஸுக்குப் பக்கத்திலேயே இன்னும் இருக்கு.

யார் சரி? எனக்கு ரெண்டு பேருமே சரியாத்தான் தெரியறாங்க. உலகம் பார்க்க நீந்தி ஜெயிக்க ஆசைப்படுறவளுக்கு அந்த வழி வேணும். யாரும் பார்க்காம நீந்த நினைக்கிறவளுக்கு ஒரு சுவர் வேணும். சுவர் இல்லைன்னா அவள் நீந்தவே மாட்டாள், வீட்டில் உட்கார்ந்திடுவாள். நான் உட்கார்ந்த மாதிரி.

2022 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, எட்டு மாச வயிற்றோட அங்கே போனேன். கூடவே, இரண்டாவது பேறுக்கு வந்திருந்த உம்மாவும் நாலு வயசு மகளும். வென்ட்வொர்த்வில்லிலிருந்து ஒரு மணி நேரக் கார் பயணம். கணவர் வாசலிலேயே விடைபெற்று காபி குடிக்கப் போயிட்டார். உம்மா சுற்றும் முற்றும் பார்த்தாங்க. "உள்ள ஆம்பளையே கிடையாதா? காசு வாங்குறதும் பொம்பளதானா?" என்று இரண்டு தடவை கேட்டாங்க. படி அதிகம், நான் கைப்பிடியைப் பிடித்து மெதுவா இறங்கினேன். பாறையில் எழுபது வயசுப் பாட்டிங்க வெயில் காய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க. முக்காடு போட்ட இரண்டு பெண்கள், என்னை மாதிரி இன்னொரு கர்ப்பிணி. யாரும் யாரையும் பார்க்கலை.

தண்ணி குளிர். இறங்கினதும் மூச்சு நின்னுபோச்சு. ஒரு நிமிஷத்தில் பழகினதும், இடுப்பு வலி இல்லை. மூன்று வாரத்தில் முதல் தடவை வலி இல்லை. எனக்கு ஒழுங்கா நீந்தத் தெரியாது. ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணிக்குள் நடந்தேன்.

திரும்பிப் பார்த்தால், உம்மா சேலையை முழங்கால் வரை தூக்கிக்கிட்டு படியில் உட்கார்ந்து காலைத் தண்ணியில் விட்டிருந்தாங்க. கடலுக்குப் பக்கத்திலேயே அறுபது வருஷம் வாழ்ந்தவங்க. மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்திருக்காங்க, ஆனா பகலில் தண்ணியில் காலை வைச்சது சின்னப் பிள்ளையா இருந்தபோதுதான் என்றாங்க. வீட்டுக்கு வரும் வழியில், "அடுத்த சனிக்கிழமையும் வருவோமா?" என்று கேட்டது மகள் இல்லை, உம்மாதான்.

இந்த முறை நாற்பது

நவம்பரில் மகன் பிறந்தான். இன்சுலின் தேவைப்படலை. அந்த நாற்பது நாளில் உம்மாவும் நானும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். எண்ணெய், மருந்து, சுறாப்புட்டு எல்லாம் உம்மா சொன்னபடி. திரை திறந்திருக்கும். முதல் வாரம் படுத்தபடியே இடுப்படித் தசைப் பயிற்சி மட்டும். இரண்டாம் வாரம் யூனிட் வாசல் வரை. மூன்றாம் வாரத்திலிருந்து காலையில் பத்து நிமிஷம், உம்மா ஒரு பக்கம், ப்ராம் ஒரு பக்கம். காதைத் துணியால மூடிக்கொள்ளணும்னு நிபந்தனை. முக்காடுதான் ஏற்கெனவே இருக்கே!

ஆறாவது வாரச் செக்கப்பில் டாக்டர் வயிற்றுத் தசை விலகலைப் பார்த்து, பெண்களுக்கான பிசியோவிடம் அனுப்பினார். ஓட்டம், குதிப்பு எல்லாம் மூன்று மாதத்துக்கு வேண்டாம் என்றார் அந்த பிசியோ. தும்மினால் சிறுநீர் கசிவதைப் பிள்ளை பெற்றால் அப்படித்தான்னு விட்டுடாதீங்க, பயிற்சியில் பெரும்பாலும் சரியாகும் என்றார். இதை உம்மாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "எனக்கு முப்பது வருஷமா இருக்கு" என்றாங்க. யாரிடமும் சொன்னதில்லையாம். நான் அன்னைக்கு உம்மாவுக்கும் அந்தப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தேன்.

சொல்ல நினைப்பது

நான் டாக்டர் இல்லை. ஆனா என்னிடம் யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் நல்லா இருந்திருக்குமேன்னு தோணுற சிலதைச் சொல்றேன்.

கர்ப்பத்தில் பயிற்சி தொடங்கும் முன் மிட்வைஃப் அல்லது ஜிபி-யிடம் கேளுங்க. ரத்தப்போக்கு, நீர்க்கசிவு, தலைசுற்றல், நெஞ்சுவலி, விடாத வயிற்று வலி, கெண்டைக்கால் வீக்கம், இதில் எது வந்தாலும் நிறுத்திட்டு உடனே கூப்பிடுங்க. கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தால், பிரசவத்துக்குப் பின் 6லிருந்து 12 வாரத்துக்குள் மறுபடி டெஸ்ட் எடுக்கணும். குழந்தை வந்த சந்தோஷத்தில் நிறைய பேர் மறந்துடறோம். பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு நமக்கு அதிகம். முழுசா மூடி உடுத்துறவங்க வைட்டமின் டி அளவையும் பார்த்துக்குங்க. ரமலானில் கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவளுக்கும் நோன்பை விட அனுமதி இருக்கு. அது அல்லாஹ் தந்த சலுகை, அதை எடுத்துக்கறதில் வெட்கப்பட ஒண்ணும் இல்லை. மிதமா நடந்தால் தாய்ப்பால் குறையாது.

சிட்னியோ மெல்பர்னோ, உங்க கவுன்சில் குளத்தில் பெண்களுக்கு மட்டுமான நேரம் இருக்கான்னு போன் பண்ணிக் கேளுங்க. இல்லைன்னா பத்துப் பேர் சேர்ந்து கேளுங்க. மனசு சரியில்லைன்னா பாண்டா உதவி எண் 1300 726 306. ஆங்கிலத்தில் பேசத் தயங்குற உம்மா, அம்மா, மாமிகளுக்கு 131 450ல் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாங்க.

இங்கே வளர்ந்த உங்களுக்கு ஒரு வார்த்தை. ஊரிலிருந்து வந்த அம்மாவோ மாமியாரோ "அலையாத" என்று சொன்னால் கூகிளைக் காட்டிச் சண்டை போடாதீங்க. நான் போட்டேன், பலன் இல்லை. அவங்க பிள்ளை சுமந்த காலத்தில் ஒரு நாள் எப்படி இருந்ததுன்னு கேளுங்க. எத்தனை குடம் தண்ணி, எத்தனை வீடு, யார் கூட. அதுக்கப்புறம், "சரி, என்கூட கொஞ்சம் நடந்து வாங்க" என்று கூப்பிடுங்க. வருவாங்க.

மகளுக்கு இப்போ ஏழு வயசு. சனிக்கிழமை நீச்சல் வகுப்பு, ஒரு நீளம் முழுசா நீந்திடறாள். போன வாரம் வீடியோ காலில் உம்மாவிடம் கேட்டாள்: "உம்மம்மா, நீங்க எப்ப வருவீங்க? நான் உங்களுக்குச் சொல்லித் தரேன்." உம்மா சிரிச்சாங்க. பிறகு என்னைத் தனியா கூப்பிட்டு, அந்தப் புர்கினி தன் அளவுக்குக் கிடைக்குமான்னு கேட்டாங்க.

ஆர்டர் போட்டாச்சு.